யோகேஸ்வரி வாங்கிய ஜப்பான் கத்தி

யோகேஸ்வரிக்குத் தன் கைமேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். மல்லாங்கிணற்றில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் திருத்தங்கலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மூன்றாம் மாதமே ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலையில் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. திரியை அழுத்தக் கூடாது, திருகக் கூடாது, விரல் நுனியால் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். "எங் கையில போன திரி ஒண்ணு நமத்துப் போச்சுன்னு எவனாச்சும் சொல்லட்டும், நான் வேலைய விட்டுட்டுப் போயிர்றேன்" என்பாள். பக்கத்தில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவள் ஜப்பானியச் சவரக்கத்தி ஒன்றை ஆர்டர் போட்டு வாங்கினாள் என்றதும் தெருவே வாயைப் பிளந்தது. காரணம் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்கு இரும்பு ஆகாது, உரசினால் பொறி பறக்கும். கொலுசு, ஊக்கு, ஹேர்பின், சாவி எல்லாவற்றையும் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே புழங்குவதெல்லாம் அலுமினியமும் பித்தளையும் மரமும்தான். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் அறைக்குள் கால் வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷப் பழக்கம் யோகேஸ்வரியின் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. இரும்பு கல்லில் உரசுகிற சத்தம் கேட்டால் அவளுக்கு முதுகு சிலிர்க்கும். அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வந்தால், மனையைக் கொடுத்துவிட்டு இரண்டு வீடு தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

பிறகு எதற்குக் கத்தி? எல்லாம் அன்பரசன் முகத்துக்காக.

அன்பரசன் அவள் கணவர். அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில், மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் மருந்து பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்ததே பெரிது. வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. தாடையிலிருந்து காது வரைக்கும் தோல் வரப்பு வரப்பாக மேடு தட்டிவிட்டது. அந்த மேடுகளுக்கு நடுவில் முடி திட்டுத் திட்டாக முளைத்தது. சாதாரண ரேசர் மேட்டில் ஏறினால் வெட்டும், பள்ளத்துக்குள் போகாது. மிஷின் வைத்து எடுத்தால் அடிக்கட்டை உள்ளே வளைந்து சீழ் வைக்கும். கடைத்தெரு சலூன்காரர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீகண்ணே, எனக்குக் கை நடுங்குது" என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டார். அன்பரசன் தாடியை அப்படியே விட்டுவிட்டார். பிறகு வெளியே போவதையும் விட்டுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவார். மகள் மதுரையில் நர்ஸிங் சேர்ந்த அன்றைக்குக்கூட யோகேஸ்வரிதான் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

விபத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மருந்து சரியில்ல." அதை நம்பி யோகேஸ்வரி ஒவ்வொரு சீசனிலும் போர்மேன் நல்லசிவத்தோடு மல்லுக்கு நின்றாள். "மருந்தப் பாத்து வாங்குங்கய்யா. எங்க வீட்டுல ஒரு ஆளு பட்டது போதும்." நல்லசிவம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

அந்த நல்லசிவம்தான் ஆனி மாதம் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். சீசனுக்கு முன்னால் புது ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தப்போகிறார்கள். அறுபது பேர். ஆபீசர் வந்து படம் போட்டுக் காட்டினால் எவனும் கேட்பதில்லை, பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

"அன்பு, நீ வந்து பத்து நிமிசம் நின்னு பேசு. நீ சொன்னா கேப்பாங்க. நல்லாப் பேசுனா மாசாமாசம் பயிற்சிக்கு உன்னையே வச்சுக்கிறலாம்னு மொதலாளி சொல்றாரு."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா?" என்று அன்பரசன் துண்டை இழுத்து மூடிக்கொண்டார். "சின்னப் பிள்ளைக பாத்தா அழுகுதுக. வேற ஆளப் பாருங்கண்ணே."

நல்லசிவம் போன பிறகு யோகேஸ்வரி அடுப்படியில் நின்று யோசித்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக வெளியிலிருந்து ஒருவர் வந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார். இதை விட்டால் மனுஷன் குழாய் உருட்டியே காலத்தைக் கழித்துவிடுவார். பயிற்சி ஒரு புதன்கிழமை, அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தழும்பை மாற்ற முடியாது. தாடியை எடுக்க முடியும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

போனில் தேடினாள். சவரம், ரேசர், கத்தி என்று விதவிதமாகக் கேட்டுப் பார்த்ததில் ஒரு வீடியோ வந்தது. ஜப்பானில் ஒரு பெண் ஒரு கிழவருடைய காது ஓரத்தையும் நெற்றியையும் சவரம் செய்துகொண்டிருந்தாள். கையில் இருந்த கத்தி மடங்கவில்லை. ஒரே இரும்பில் அடித்த சின்னக் கத்தி, கைப்பிடியில் பிரம்பு சுற்றியிருந்தது. அதை அவள் பேனா மாதிரிப் பிடித்து, விரல் நுனியால் காது மடலின் பள்ளத்துக்குள் போய் வந்தாள். யோகேஸ்வரி அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தாள். நான்கு தடவையும் கத்தியைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் கையைத்தான் பார்த்தாள். இது நம் கை செய்கிற வேலைதானே என்று தோன்றிவிட்டது.

கோயம்புத்தூரில் ராம்குமார் என்ற ஒருவர் பழைய ஜப்பான் கத்திகளை வரவழைத்துச் சரிசெய்து விற்கிறார் என்று தெரிந்தது. கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, சாருக்குங்களா? இதுக்கு முன்னாடி நேர்கத்தி புடிச்சுப் பழக்கமுங்களா?"

"சாருக்குத்தான். புடிக்கப் போறது நானு. பழக்கம் இல்ல."

அந்த மனிதர் பொறுமையாக விசாரித்தார். வலது கையா, இடது கையா? முகத்தில் பரு, மேடு ஏதாவது உண்டா? யோகேஸ்வரி தழும்பைப் படமெடுத்து அனுப்பினாள். அகலம் குறைந்த கத்தியே போதும், புதுசாகப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், நல்ல பழைய இரும்பாகத் தருகிறேன் என்றார். கூடவே தீட்டுவதற்கு ஒரு வழுவழுப்பான கல்லும் தோல் வாரும் அனுப்புவதாகச் சொன்னார். விலை இரண்டு வாரச் சம்பளம். யோகேஸ்வரி பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் மட்டமானதை அனுப்பிவிடுவார்கள் என்பது அவள் கட்சி.

எட்டாம் நாள் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தவளுக்குப் பகீர் என்றது. கத்தியின் ஒரு பக்கம் நன்றாகக் குழிந்திருந்தது, மறுபக்கம் லேசாகத்தான் குழிந்திருந்தது. உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள்.

"என்னங்கய்யா, கோணக் கத்திய அனுப்பிவிட்டுருக்கீக?"

"அதோட அமைப்பே அப்படித்தானுங்க்கா" என்று ராம்குமார் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுங்க. நான் தீட்டித்தான் அனுப்பிருக்கறன். அப்படியே வெச்சு சவரம் பண்ணுங்க. முடிஞ்சதும் தொடச்சு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்க."

அப்படியே செய்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் அண்ணன் கண்ணுச்சாமி வந்துவிட்டார்.

கண்ணுச்சாமி காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். ஒரு கை உயரக் காகிதக் கட்டை ஒரே அமுக்கில் வெட்டுகிற மிஷின். அதன் பிளேடை எப்போது கழற்ற வேண்டும், எவ்வளவு சரிவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனாலேயே உலகத்திலுள்ள எல்லாக் கத்தியும் தனக்குச் சொந்தக்காரன் என்ற நினைப்பு. ஜப்பான் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கட்டிங் பிளேடோட தம்பில்ல? ஒருபக்கம் தட்டை, ஒருபக்கம் சரிவு. ஆனா சரிவு பத்தாது தாயி. இப்பிடி இருந்தா ரெண்டு நாள்ல மழுங்கிரும். கொண்டா, வாய் எடுத்துத் தாறேன்."

"தீட்டித்தான் அனுப்பிருக்காராம்ணே."

"அனுப்புறவன் அப்பிடித்தான் சொல்லுவான். கத்தியப் பத்தி எங்கிட்டச் சொல்றியா நீ?"

யோகேஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவர் பையிலிருந்து சொரசொரப்பான கல்லை எடுத்ததுமே அவள் உடம்பு முந்திக்கொண்டது. இரும்பு, கல், உரசல். பழக்கப்படி இரண்டு வீடு தள்ளிப் போய் நின்றுகொண்டாள். கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்து, ஒரே பக்கமாக, முழங்கை பலத்தைக் கொடுத்து அவர் தேய்த்ததை அவள் பார்க்கவே இல்லை. அவள் செய்த தப்பு இதுதான். பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள்.

வாரம் முழுக்க வேலை. ஞாயிற்றுக்கிழமை வரக் காத்திருந்து, கொல்லையில் முக்காலி போட்டு அன்பரசனை உட்கார வைத்தாள். கத்தியைக் கண்டதும் அவர் முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். நன்றாக நுரை தடவி, வீடியோவில் பார்த்த மாதிரியே பேனாப் பிடி பிடித்து, தாடைக்குக் கீழே வைத்து இழுத்தாள். கத்தி வழுக்கவில்லை, கவ்வியது. இரண்டாவது இழுப்பில் மேட்டின் ஓரம் கீறி ரத்தம் இறங்கியது.

அன்பரசன் கத்தவில்லை. எழுந்து துண்டால் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போதும் புள்ள. நல்லசிவண்ணங்கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிரு."

யோகேஸ்வரி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கை முதல்முறையாகத் தவறியது அவர் முகத்தில்தானா என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது. பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. அவளுக்கு எப்போதும் கோபம்தான் உதவி செய்யும். கத்தி வாயைப் படமெடுத்து ராம்குமாருக்கு அனுப்பினாள்.

"அய்யோ, என்னுங்க்கா பண்ணுனீங்க? இதை வெச்சுக் காயிதம் வெட்டலாமுங்க, சவரத்துக்கு ஆகாதுங்க" என்றார் அவர். "திருப்பி அனுப்புங்க, சரி பண்ணித் தர்றன். போக வர ரெண்டு வாரமாகுமுங்க."

பயிற்சிக்கு இருந்தது பத்து நாள்.

"நானே சரிபண்ண முடியுமா? முடியும்னா எப்பிடின்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். கல்லை நனைத்துக்கொள்ள வேண்டும். கத்தியைப் படுக்கப் போட வேண்டும், முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் பட வேண்டும். முதுகைத் தூக்கவே கூடாது. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் கொஞ்சம். கடைசியாக ஒன்று சொன்னார்: "பலத்தக் காட்டாதீங்க்கா. கத்தியோட எடையே போதுமுங்க. நெறையப் பேரு அமுக்கித்தான் கெடுக்கறாங்க. கையை லேசா வெக்கறதுக்கே ஆறு மாசம் பழகோணும்."

யோகேஸ்வரி போனை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். லேசான கைக்கு ஆறு மாசமா? அதைப் பத்தொன்பது வருஷமாகப் பழகி வைத்திருக்கிறாளே. மிச்சமிருந்தது பயம் மட்டும்தான்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கொல்லையில் உட்கார்ந்தாள். சுற்றி இருந்த சருகைக் கூட்டித் தள்ளினாள். பருத்திச் சேலை, செருப்பில்லாத கால், வளையலைக் கழற்றியாயிற்று. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். கல்லைத் தொடுவதற்கு முன்னால் கை தானாகப் போய்ச் செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன யோகேசு, வீட்டுலயும் வெடி வேலை பாக்குறியா?" என்று கேட்டாள். யோகேஸ்வரி கல்லை நனைத்தாள்.

முதல் உரசலுக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. நனைந்த கல்லில் அந்தக் கத்தி போட்ட சத்தம் அவள் பயந்த சத்தமே இல்லை. பூனை பால் குடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு, மூன்று, பத்து. அழுத்தாமல், திருகாமல். அண்ணன் வைத்த சரிவை எடுக்கவே நான்கு சாயங்காலம் ஆயின. ஐந்தாம் நாள் முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். பூனைமுடி சத்தமில்லாமல் உதிர்ந்தது. அதோடு விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, நுரை போட்டுத் தன் கன்னத்தையே சவரம் செய்துகொண்டாள். பஞ்சம்மாள் இதையும் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் என்ன, யோகேஸ்வரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலியைப் போட்டாள். அன்பரசன் வாசப்படியிலேயே நின்றார்.

"வேணாம் புள்ள."

"எங் கன்னத்தத் தொட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்கன்னா பாருங்க."

மடங்காத விரல்களால் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. "இதே கத்தியாலயா?" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் வந்து உட்கார்ந்தார். கத்தி அருகில் வந்ததும் பழையபடி முக்காலியைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. போன வாரம் வெட்டியதை நினைத்துப் பயப்படுகிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு மேட்டையும் இடது கை விரலால் லேசாக இழுத்துப் பிடித்து, பள்ளத்துக்குள் கத்தியின் நுனியை மட்டும் விட்டு, திட்டுத் திட்டாக எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கடைசியில் ஈரத்துணியால் துடைத்தபோது, ஆறு வருஷமாக அவள் பார்க்காத முகம் அங்கே இருந்தது. தழும்பு இருந்தது, ஆனால் அவர் முகம்தான். உதட்டோரத்தில் இருந்த மச்சம்கூட அங்கேயே இருந்தது. யோகேஸ்வரி வாய்விட்டு அழுதாள். அன்பரசன் கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, நான் போறேன்" என்றார்.

புதன்கிழமை கம்பெனி முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஆட்கள் பின்வரிசையில். யோகேஸ்வரியும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். தன் வேலை நடு மேடையில் நிற்கிறது என்ற பெருமை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அன்பரசன் துண்டில்லாமல் வந்து நின்றார். முன்வரிசையில் இருந்த சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"குனியாதீக. நல்லாப் பாருங்க" என்றார் அவர். "இது எப்பிடி வந்துச்சுன்னு சொல்லத்தான் வந்துருக்கேன். மருந்து சரியில்லன்னு ஆறு வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அது பொய்யி. மருந்துல ஒரு குத்தமும் இல்ல."

பின்வரிசையில் யோகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு லோடு ஏத்த லாரி நிக்கிது. ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். தட்டுல மருந்து காஞ்சு ஒட்டிக்கிருச்சு, அலுமினியக் கரண்டிக்கு வரல. சைக்கிள் ஸ்பேனரு ஒண்ணு எம் மடியில இருந்துச்சு. கேட்டுல காட்டாம உள்ள கொண்டு போயிருந்தேன். அதால சுரண்டுனேன். ஒரே ஒரு சுரண்டு. அம்புட்டுத்தேன்."

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய தெரிஞ்சா கேவலம்னு தாடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். எம் பொண்டாட்டிக்கும் சொல்லல. அந்தா இருக்கா. இரும்ப எம் மூஞ்சிக்கிட்ட கொண்டு வந்தாலே எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும். அவ முக்கா மணி நேரம் ஓட்டுனா, ஒரு கீறல் இல்ல. அவளுக்கு அவசரம் இல்ல. எனக்கு அன்னைக்கு அவசரம். உங்களுக்குச் சொல்ல எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

அறுபது தலையும் திரும்பி யோகேஸ்வரியைப் பார்த்தன. அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஆறு சீசன் நல்லசிவத்தின் மேல் பாய்ந்தது எல்லாம் காதில் கேட்டது. வெட்கம், கோபம், இந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாரே என்ற வருத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. கூட்டம் கலைந்ததும் நல்லசிவத்திடம் போய், "அய்யா, நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காதீக" என்றாள். "விடு யோகேசு" என்றார் அவர். அன்பரசனிடம் அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, வியாழனும் வெள்ளியும் சனியும் பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்பரசன் கொல்லைப்பக்கம் வந்தபோது முக்காலி போட்டிருந்தது. பக்கத்தில் வாளித் தண்ணீர், நுரை, துடைத்து வைத்த கத்தி. யோகேஸ்வரி செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கோவம் போயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பெறகு?"

"முடி வளந்துருக்குல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தார். இந்தத் தடவை முக்காலியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தானாகவே தாடையைத் தூக்கிக் காட்டினார். அவள் நுரை தடவிவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

"யோகேசு, அன்னைக்கே உங்கிட்டச் சொல்லியிருக்கணும். உனக்குத் தெரிஞ்சா நீ என்ன..."

"பேசாதீக" என்றாள் அவள், இடது கை விரலால் தழும்பை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு. "முடிச்சிட்டுப் பேசலாம். எங்கயும் போயிற மாட்டேன். இப்ப அசையாம இருங்க."